கேட்கும் காதும் எதிர்பார்க்கும் மூளையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் உரையாற்ற அழைத்த சங்கத்தார், பொருளை நம் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். உதவித்தொகை பற்றியும், இடஒதுக்கீடு பற்றியும், விடுதிகளின் நிலை பற்றியும் நம்மினும் நன்கறிந்தோர் இம்மேடையில் பேச இருக்கின்றனர். ஆதலின் நாம் வேறொன்றை எடுத்துக்கொண்டோம். முதல் வகுப்பில் வந்து அமரும் குழந்தை, எழுதுகோலைப் பிடிக்குமுன் செய்கின்ற வேலை ஒன்றுண்டு. அது கேட்பது. வள்ளுவர் கல்விக்கு 40ஆம் அதிகாரத்தையும் கல்லாமைக்கு 41ஆம் அதிகாரத்தையும் தந்துவிட்டு, அடுத்ததாக 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். ஏட்டைத் தொட வாய்ப்பில்லாதவனும் கேட்டாவது அறியட்டும் என்பது அவர் கருத்து.

நம் மக்களுக்கோ அந்தக் கேள்வியும் மறுக்கப்பட்டிருந்தது. வேதம் ஓதுவதைச் செவிமடுத்த சூத்திரனின் காதில் உருக்கிய உலோகத்தையும் அரக்கையும் ஊற்றுமாறு விதித்தது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்த விதியென்றால், அதற்கும் அப்பால் நிறுத்தப்பட்டவர்களின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாயிருந்தபோது வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச் சாக்கில் வகுப்பறையின் மூலையில் அமர்ந்து பாடம் கேட்டார்; பின்னர்ப் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பியபோது அது மறுக்கப்படவே, பாரசீகம் பயின்றார். ஆகவே, ஒலி காதில் விழுந்து அறிவாக மாறும் செயல் எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினா நமக்கு வெறும் விஞ்ஞானப் பாடம் ஆகாது.

முதலில் காதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இது எட்டாம் வகுப்புப் பாடந்தான். காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தட்டுகிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தையின் ஓடுபோல் சுருண்ட ஒரு குழல் உள்ளது. அதற்குள் நிரம்பிய நீர்மத்தில் அலை ஓடும்போது, உயர்ந்த சுருதியுடைய ஒலி குழலின் வாயிற்புறத்தையும், தாழ்ந்த சுருதியுடைய ஒலி அதன் கோடியையும் அதிகமாக அசைக்கின்றது. இவ்வலையைக் கண்டு விளக்கியமைக்காக ஜார்ஜ் வான் பெக்கேசி என்னும் அறிஞர் 1961இல் நோபல் பரிசு பெற்றார். அசைவை நரம்புச் செய்தியாக மாற்றி அனுப்புவன நுண்மயிரணுக்கள். ஒவ்வொரு காதிலும் இவ்வேலையை முதன்மையாகச் செய்யும் உள்வரிசை அணுக்கள் ஏறத்தாழ 3,500 மட்டுமே. ஒருமுறை அழிந்தால் மனிதரிடத்தில் இவை மீண்டும் முளைப்பதில்லை. திருவிழா ஒலிபெருக்கியின் வாயருகே குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் தந்தையர் இதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

அங்கிருந்து செய்தி மூளைத்தண்டு வழியாகப் பல படிகள் ஏறிப் பெருமூளையின் பக்கவாட்டிலுள்ள செவிப்புலப் பகுதியை அடைகிறது. நம் பாடநூல்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. கேட்டல் என்பது கீழிருந்து மேலே போகும் ஒருவழிப் பாதை என்ற எண்ணம் இதனால் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் ஏராளமாக உண்டு. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு உட்காதின் மயிரணுக்கள் வரை செல்லும் நரம்புக் கற்றை ஒன்றை ராஸ்முசன் என்பவர் 1946இல் விவரித்தார். காது சொல்வதைக் கேட்டுக்கொண்டு மூளை வாளா இருப்பதில்லை; எதைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்று காதுக்கு ஆணையிட்டும் கொண்டிருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போய் இக்கால ஆய்வாளர் பலர் கூறுவது யாதெனில், அடுத்து வரப்போகும் ஒலி எதுவென்று மூளை இடைவிடாது முன்கூட்டியே ஊகித்துக்கொண்டிருக்கிறது. வந்த ஒலியை ஊகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் பெரிதாகக் கவனிக்கிறது என்பதாகும். நம்மை அறியாமலே நம் புலன்கள் ஊகம் செய்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே எழுதிவைத்தார். அதைக் கருவிகொண்டு காட்டப் பின்னும் நூறாண்டுகள் ஆயின.

சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் ஒலி நமக்குக் கேட்பதில்லை. நின்றவுடன் தலைநிமிர்ந்து பார்க்கிறோம். இல்லாத ஒலி எவ்வாறு நம்மை அழைத்தது? இன்னொன்றும் சொல்வோம். பறையைப் பற்றி இம்மேடையில் பேசுவதைப் பெரியோர் சிலர் விரும்பமாட்டார்கள் என்பதை நாம் அறிவோம். சாவு வீட்டில் அடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் நம் முன்னோர் சுமந்த கருவி அது. அதைத் தூக்கியெறிந்த ஊர்களும் உண்டு, இன்று கலையென்று பெருமையோடு மேடையேற்றும் இளைஞரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க நாம் வரவில்லை. செவிக்கு அது செய்வதை மட்டும் சொல்கிறோம். தீயில் காய்ச்சிய தோலின்மேல் தடித்த குச்சியும் மெல்லிய குச்சியும் மாறிமாறி விழும்போது, நான்கு சுற்றுக்குள் கேட்போரின் கால் தானே தாளமிடுகிறது. ஐந்தாம் சுற்றில் ஓர் அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டால், விட்ட இடத்தில் உடல் ஒருகணம் தூக்கிவாரிப் போடுகிறது. அடி விழவேண்டிய நொடியை மூளை முன்னமே குறித்துவைத்திருந்தது என்பதற்கு இதனினும் எளிய சான்று நமக்குத் தெரியவில்லை.

இவ்வுணர்ச்சி பழக்கத்தால் வந்ததென்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் இஸ்த்வான் விங்க்லரும் குழுவினரும், பிறந்து இரண்டு மூன்று நாள்களே ஆன, உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குத் தாள ஒலியைக் கேட்பித்தனர். தாளத்தின் தலையடி விடுபட்ட இடத்தில் அச்சிசுக்களின் மூளை மின்னலை வேறுபட்டதென 2009இல் வெளியிட்டனர். தாளத்தை எதிர்பார்க்கும் ஆற்றல் தொட்டிலிலேயே இருக்கிறது.

இத்துறையில் அடிப்படையான சோதனை பின்லாந்து நாட்டு அறிஞர் ஒருவருடையது. ரிஸ்டோ நாட்டானென் என்பவரும் துணைவரும் 1978இல் வெளியிட்டது அது. ஒரே ஒலியைத் திரும்பத்திரும்பக் கேட்பித்து, இடையிடையே சற்று மாறுபட்ட ஒலியொன்றைப் புகுத்தினர். மாறுபட்ட ஒலி வந்தபின் வினாடியில் பத்திலொரு பங்கிலிருந்து கால் பங்குக்குள் மூளையில் ஒரு தனி மின்னலை எழுந்தது. கேட்பவர் அவ்வொலிகளைப் பொருட்படுத்தாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் அது எழுகிறது என்பதே இதன் சிறப்பு. ஒரே ஒலியைக் கேட்டுச் சோர்ந்த நரம்பணுக்கள் புதிய ஒலிக்குத் துள்ளியெழுகின்றன, அவ்வளவே என்று மறுத்தவர்களும் உண்டு. நல்ல மறுப்புத்தான். ஆனால் உயர்ந்த ஒலி, தாழ்ந்த ஒலி என மாறிமாறி ஒலிக்கச் செய்து, திடீரென ஒன்றையே இருமுறை ஒலித்தாலும் அவ்வலை எழுகின்றது. அங்கே புதிய ஒலி ஏதுமில்லை. ஒழுங்கு மட்டுமே முறிந்தது. சோர்வும் ஓரளவு காரணமாகலாம். ஆயினும் மூளை ஒழுங்கைக் கற்றிருந்தது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பேச்சில் இந்த ஊகம் இன்னும் வெளிப்படை. “நேற்றுச் சந்தைக்குப் போய் இரண்டு கிலோ கத்தரிக்காய்” என்று நாம் நிறுத்தினால், அவையிலுள்ள தாய்மார் அனைவரும் “வாங்கினேன்” என்று மனத்துள் முடித்துவிடுவீர்கள். வினைச்சொல்லை இறுதியில் வைக்கும் நம் மொழியில் இப்பயிற்சி நமக்கு நாள்தோறும் நடக்கிறது. “அம்மா இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளச் செங்கல் வைத்தாள்” என்று சொன்னாலோ சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருமுன், இத்தகைய பொருந்தாச் சொல்லைக் கண்ட அரை வினாடிக்குள் மூளையில் ஓர் அலை எழுவதைக் கலிபோர்னியாவில் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு ஆகிய இருவர் 1980இல் பதிவு செய்து காட்டினர்.

ஊகம் வெறும் எதிர்பார்ப்போடு நிற்பதுமில்லை. கேளாத ஒலியைக் கேட்கவும் செய்கிறது. ரிச்சர்டு வாரன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970இல், பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை முற்றும் நீக்கி அவ்விடத்தில் இருமல் ஒலியை வைத்தார். கேட்டவர்கள் சொல்லை முழுமையாகக் கேட்டதாகவே கூறினர். இருமல் எவ்விடத்தில் வந்தது என்றும் அவர்களால் சரியாகச் சொல்ல இயலவில்லை. இருமலுக்கு மாறாக அவ்விடத்தை வெறுமையாக விட்டபோது இடைவெளி தெரிந்துவிட்டது. இருமல் எழுத்தை மறைத்திருக்கக்கூடும் என்று மூளை கணித்து, தன் கைப்பொருளைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. பேருந்து நிலையத்து இரைச்சலில் நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடிவது இதனால்தான்.

அக்கைப்பொருள் எங்கிருந்து வந்தது? முன்பு கேட்டதிலிருந்து. மொழியை நன்கு கேட்டுப் பழகியவன் இரைச்சலிலும் நிரப்பிக்கொள்வான். சொல் புதிதாயின், பெரியவர்க்கும் நிரப்ப ஒன்றுமில்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தையின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. பாடநூலின் எழுத்துத் தமிழ் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் நாளேடு உரக்க வாசிக்கப்படும் வீட்டில், அதன் சொற்களும் சொல்முடிவுகளும் ஐந்து வயதுக்குள் ஆயிரம் முறை காதில் விழுந்திருக்கும். விடியலில் வேலைக்குப் போய் இருட்டித் திரும்பும் பெற்றோரின் வீட்டில் அது விழுவதில்லை. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது முன்னவன் பாதியை ஊகித்துவிட்டு மீதியைக் கேட்கிறான். பின்னவனோ முழுவதையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது. இருவருக்கும் தேவைப்படும் உழைப்பு ஒன்றாகாது. இவ்வேறுபாட்டைப் பிறவி மந்தம் என்று பெயரிட்டு வந்திருக்கிறார்கள்.

பிறவியில் வேறுபாடில்லை என்பதற்கு ஆய்வுகள் உள்ளன. ஜென்னி சாஃப்ரனும் அவர்தம் துணைவர் இருவரும் 1996இல் வெளியிட்ட சோதனையில், எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளைத் தொடர்ச்சியாக, இடைவெளியே இல்லாமல், இரண்டே நிமிடம் கேட்பித்தனர். எந்த அசைக்குப்பின் எந்த அசை தவறாது வருகிறது என்பதைக் கொண்டே குழந்தைகள் அதில் மறைந்திருந்த சொற்களைப் பிரித்தறிந்தன. ‘அம்’ என்பதற்குப்பின் பெரும்பாலும் ‘மா’ வருகிறது, ‘மா’வுக்குப்பின் எதுவும் வரலாம், ஆகவே சொல் அங்கே முடிகிறது என்று தொட்டிற் குழந்தை கணக்கிடுகிறது. கணிதம் நம் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு சோதனை நம் மொழிக்கு நெருங்கியது. பத்து, பட்டு என்னும் இரு சொற்களை நாம் ஒருபோதும் மயங்கமாட்டோம். நா நுனி பல்லைத் தொடுவதும், வளைந்து மேலண்ணத்தைத் தொடுவதும் நமக்கு வெவ்வேறு. இந்தியிலும் இவ்வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. கனடா நாட்டின் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் 1984இல் காட்டியதாவது: ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் இவ்விரு ஒலிகளையும் பிரித்தறிந்தன, பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் அத்திறனை இழந்தன. கேட்காத வேறுபாட்டை மூளை பொருட்படுத்துவதில்லை. சுற்றிலும் பேசப்படுவதற்கேற்பத் தன் எதிர்பார்ப்பை அது செதுக்கிக்கொள்கிறது.

ழகரத்தைப் பற்றிய வழக்கை இவ்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வடமாவட்டங்களில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிறது. தென்மாவட்டங்களில் ‘வாளப்பளம்’ ஆகிறது. தெற்கே எல்லாச் சாதியாரும் ‘வாளப்பளம்’ என்கின்றனர். ஆனால் நம் தெருப் பிள்ளை அதைச் சொன்னால்தான் வகுப்பு சிரிக்கிறது. நாக்கில் குறையொன்றுமில்லை, ஓராண்டு நிறையுமுன்னே கேட்டுக் கேட்டு மூளை அமைத்துக்கொண்ட வழி அது. அதை மாற்றவும் முடியும். ஆங்கிலத்தின் இரு ஒலிகளை மயங்கும் ஜப்பானியப் பெரியோர்க்கு, பலருடைய குரல்களில் அவ்வொலிகளைக் கேட்பித்துப் பயிற்சியளித்தபோது தேர்ச்சி கூடியதென 1991இல் கண்டனர். ஆகவே, கிளி கிழி, வாளை வாழை என்று இணையிணையாக, ஆசிரியர் ஒருவர் குரலில் மட்டுமின்றிப் பல குரல்களில் கேட்பிக்க வேண்டும். முதலில் காது பிரிக்கட்டும். நாக்கு பின்னர் வரும். பிரம்பால் ழகரம் வந்ததாக நாம் எப்பள்ளியிலும் கண்டதில்லை.

கேட்பவரின் எதிர்பார்ப்பு பேசுபவருக்குத் தீங்காவதும் உண்டு. நாம் இன்று சொல்ல வந்தவற்றுள் முதன்மையாகக் கருதுவது இதையே. அமெரிக்காவில் டொனால்டு ரூபின் என்பவர் 1992இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் விரிவுரையைப் பதிவு செய்து, அதே ஒலிநாடாவை இரு மாணவர் குழுக்களுக்குக் கேட்பித்தார். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், மற்றொன்றுக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும், பேசுபவர் இவரே என்று காட்டினார். குரல் ஒன்றே, சொல் ஒன்றே. ஆயினும் ஆசிய முகத்தைக் கண்ட மாணவர்கள் பேச்சில் அயல்நாட்டு வாடை இருப்பதாக உணர்ந்தனர். அதுமட்டுமன்று, பாடத்தை அவர்கள் குறைவாகவே புரிந்துகொண்டனர்.

இதை நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். வருகைப் பதிவேட்டில் தெருப் பெயரைப் படித்துவிட்டு, பிள்ளை வாய் திறக்குமுன்னே அவன் பேச்சு எப்படியிருக்கும் என்று முடிவு செய்த செவிக்கு எது கேட்கும்? பிள்ளை சரியாகச் சொன்னாலும் ஊகித்து வைத்த பிழையே கேட்கும். வாய்மொழித் தேர்விலும், வேலைக்கான நேர்முகத்திலும் நம் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்களுள் எத்தனை, கேட்டவர் காதிலிருந்த ஊகத்தால் குறைந்தன என்பதை அளக்கக் கருவியில்லை. ஆசிரியராயிருப்போர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வாய்மொழித் தேர்வைப் பிள்ளையின் முகத்தைப் பாராமல், திரைக்கு அப்பாலிருந்து ஒருமுறை நடத்திப் பாருங்கள்; இரு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இனிச் செவியின் நோய் பற்றிச் சில. சளி பிடித்து நீண்டநாள் கவனியாமல் விட்டால் செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்குகிறது. விரலால் காதை அடைத்துக்கொண்டாற்போல் ஒலி மங்குகிறது. சிலருக்குப் பறை துளைபட்டுச் சீழ் வடிகிறது. நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ‘மக்கு’ என்றே பெயர். சொல்வதெழுதுதலில் பாதிச் சொற்களை வேறு சொற்களாகவே எழுதுவான். அவையும் பொருளுடைய சொற்களாகவே இருக்கும். அரைகுறையாகக் கேட்டதை ஊகித்து நிரப்பியிருக்கிறான். மூளை தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. உடன்பணியாற்றிய ஆசிரியை ஒருவர் அவன் சட்டைக் கழுத்தில் இருந்த கறையைக் கண்டு, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். செவிப்பறைக்கு அறுவை செய்தனர். கேட்கத் தொடங்கிய உடனே அவன் முதல் மாணவன் ஆகிவிடவில்லை. கேளாமற்போன நான்கைந்து ஆண்டுச் சொற்களை அவன் மூளை சேர்த்துக்கொள்ள ஈராண்டுகள் பிடித்தன. பத்தாம் வகுப்பில் தேறினான்.

குழந்தைகளின் செவித்திறன் குறைபாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் நேர்வதென்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே தாய்மார்களே, சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். தீக்குச்சியும் கொண்டை ஊசியும் காதுக்கு வேண்டா. 2013இல் நடுவணரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். காதுநோயும் அப்பட்டியலில் உண்டு. அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வேலைக்கோ விருந்துக்கோ அழைத்துச் சென்றுவிடாதீர்கள்.

காது நலமாயிருந்தும் இரைச்சல் கெடுப்பதுண்டு. நியூயார்க் மாநகரில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. ஒரே கட்டடத்தில் பாதையை நோக்கிய வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அமைதியான மறுபக்கத்தில் படித்தவர்களைவிட ஆறாம் வகுப்புக்குள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஓராண்டு பின்தங்கியிருந்ததை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் அம்மையார் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து 1975இல் வெளியிட்டார். தண்டவாளத்தின் கீழ் ரப்பர் பட்டைகளும், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் வைத்தனர். 1981இல் அவர் மீண்டும் ஆய்ந்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாகப் படித்தனர். பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ யாரும் மாற்றவில்லை.

இதைச் சங்கத்தின் செயலாளர் அவர்களிடம் நேரிலும் சொல்லியிருக்கிறோம், அவையிலும் சொல்லிவிடுகிறோம். நம் மாலை வகுப்புகளில் சிறுபிள்ளைகளின் வகுப்பு மாவு அரைக்கும் இயந்திரத்தை ஒட்டிய அறையில் நடக்கிறது. கூட்ட அறையும் அலுவலக அறையும் பின்புறத் தோட்டத்துப் பக்கம் அமைதியாக இருக்கின்றன. ஏட்டுக் கணக்கு எழுதுவோர் இரைச்சலிலும் எழுதலாம். சொல்லை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளையால் இயலாது. இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெஞ்சுகளைத் தூக்க உயர்வகுப்பு மாணவர்கள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.